செருப்புச் சக்கரத் தேர்

சனிக்கிழமை காலை கீழ்வீட்டு யாழினி மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். முன்பற்கள் விழுந்துவிட்டதால் அவள் பேசும்போது சொற்களோடு கொஞ்சம் காற்றும் வரும்.

"அங்கிள், அட்டப்பொட்டி இருக்கா?"

பள்ளிக்கூடத்தில் ஏதாவது புராஜெக்ட் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, புது மிக்சி வந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டவள் போகவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற இன்னாம்மா?"

"பழைய செருப்பு இருந்தா குடுங்க அங்கிள். சக்கரத்துக்கு."

அவளாகவே விளக்கினாள். "ஆடி மாசம்ல. தேர் செய்யப்போறேன். கயலக்கா இந்த வருஷம் செய்யலன்னுட்டாங்க. போன வருஷம் நான்தான அங்கிள் கூட்டம்? எனக்கு எல்லாம் தெரியும்."

செருப்பு பரணில் இருக்கும் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கையை விட்டதும் தட்டுப்பட்டது ஒரு பெரிய துணிப்பை. வாயைக் கட்டியிருந்த நாடா நெகிழ்ந்திருந்தது. நான் இழுத்த இழுப்பில் அது அவிழ்ந்துகொள்ள, உள்ளே அடைபட்டிருந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. புதுப் பள்ளிக்கூடப் பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டால் வருமே, அந்த ரெக்சின் வாசனை.

அதுதான் என் மனைவி வசந்தாவின் வாசனை என்றால் சிரிக்காதீர்கள். மல்லிகை, சந்தனம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் பை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து துப்பட்டாவை உதறினால் ரெக்சினும் மெஷின் எண்ணெயும்தான் மணக்கும். கூடவே ஒரு பொட்டலம் வரும். வெட்டி மிஞ்சிய துண்டுகள், ஜிப்பின் நுனிகள், ஸ்பாஞ்ச் கீற்றுகள், கோணலாகத் தைத்துத் தள்ளிவிட்ட பாக்கெட்டுகள். குப்பைக்குப் போவதை எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் மகள் கயல் தவழ்ந்த காலத்திலிருந்தே அந்தப் பொட்டலத்துக்குத்தான் காத்திருப்பாள். அம்மாவுக்காக அல்ல என்று வசந்தா கோபித்துக்கொள்வதுபோல நடிப்பாள்.

எனக்கு அந்தப் பொட்டலத்தைக் கண்டாலே பயம். ஜிப் நுனியை விழுங்கிவிட்டால்? ஸ்பாஞ்சை மூக்கில் திணித்துக்கொண்டால்? நான் அப்படிப்பட்ட தகப்பன். குழந்தை தும்மினால் கூகுளைத் திறக்கிறவன். அதனால் நேரு வீதிக் கடையிலிருந்து ஒழுங்கான ஒரு கைவினைப் பெட்டி வாங்கி வந்தேன். மேலே சிரிக்கிற குழந்தையின் படம், உள்ளே எல்லாம் அளவாக வெட்டி, எண் போட்டு வைத்திருந்தது. எண்ணைப் பார்த்து ஒட்டினால் ஆந்தை வரும் என்று எழுதியிருந்தது. ஆந்தை வந்தது. "முடிஞ்சிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கயல் பொட்டலத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் ஆந்தையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஆந்தைய கம்பெனிக்காரனே செஞ்சிட்டானே. இவளுக்கு இன்னா வேல மிச்சம் வச்சான்?" என்றாள் வசந்தா.

கத்தரிக்கோல் விஷயமும் அப்படித்தான். நான் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் கத்தரிக்கோல் தோசையைக்கூட வெட்டாது. வசந்தா தன்னுடைய சின்னத் தையல் கத்தரிக்கோலையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்திலேயே நின்று, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நீங்க போய்ப் பேப்பர் படிங்க. நீங்க பாத்துக்கினே இருக்கறதுலதான் அவ கை நடுங்குது."

போய்ப் பேப்பர் படித்தேன். ஒரு செய்தியும் தலையில் ஏறவில்லை. காது முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம்.

ஒருமுறை கயல் ஸ்பாஞ்சிலும் கம்பியிலும் ஏதோ செய்து கொண்டுவந்து காட்டினாள். மஞ்சளாக, மூக்கு நீண்டு, கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. "அடடே, கோழி பிரமாதம்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அது நான். ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறேனாம். வசந்தா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு என்னைச் சமையற்கட்டுக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்: "இது இன்னான்னு கேக்காதீங்க. இதுன்னு நீங்களா சொல்லவும் வேணாம். கொண்டாந்து காமிச்சா, 'சொல்லு'ன்னு சொல்லுங்க. அது போதும். அவளே சொல்லிப்பா."

அன்றிலிருந்து நான் 'சொல்லு' என்றேன். நம்பமாட்டீர்கள், பசை காயும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். அந்தப் பசையும் கடையில் வாங்கியதல்ல. மைதாவைக் கிண்டி, பூச்சி வராமலிருக்க மஞ்சள்தூள் போட்டது. எங்கள் வீட்டுத் தரையெல்லாம் மஞ்சள் திட்டுகள். ஒரு நாள் என் ஆபீஸ் கால்சட்டையின் பின்புறம் சரியாக ஒரு உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் ஒட்டியிருந்ததை மத்தியானம்தான் யாரோ சொன்னார்கள்.

தேருக்கு வருகிறேன். எதையோ சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுகிறேன், இப்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது.

வசந்தா வீராம்பட்டினத்துப் பெண். அவள் அப்பாவுக்குப் படகு இருந்தது. ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை அங்கே செங்கழுநீரம்மன் தேர். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடத்தைத் தொட்ட பிறகுதான் அந்தத் தேர் கிளம்பும். கொடி இறங்கியது, ஆட்சி மாறியது, கவர்னருக்குப் பெயர்கூட மாறியது. வழக்கம் மட்டும் மாறவில்லை. அம்மன் காத்திருப்பாள், ஜனம் காத்திருக்கும், கவர்னர் வருவார்.

கயல் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்தத் தேரைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் ஒன்று செய்ய வேண்டும் என்றாள். முத்தியால்பேட்டையில் இப்போது இருக்கும் இதே மாடி வீடு. அட்டைப்பெட்டிகளை அடுக்கி, தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளை ரெக்சினில் கட்டி, அம்மாவும் மகளும் ஒரு வாரம் ஹாலை அடைத்துக்கொண்டார்கள். நான் சுவரோரமாக நடந்து ஆபீஸ் போய்வந்தேன். முடித்து, உச்சியில் கலசத்துக்குப் பதிலாக என் ஷேவிங் கிரீம் மூடியைச் செருகிய பிறகுதான் தெரிந்தது, தேர் வாசற்படியைத் தாண்டாது. நிலையைவிட உயரம்.

"மேல ஒரு அடுக்க எடுத்துட்டா போவும்" என்றேன்.

கயல் என்னை ஒரு பாவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சாமி வீட்ட யாராவது இடிப்பாங்களாப்பா?"

அதனால் ஊர்வலம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. ஹாலிலிருந்து சமையற்கட்டுவரை. சமையற்கட்டுதான் கடல். மறுவருஷமும் அவள் தேரை வாசலுக்கு அடங்காத உயரத்தில்தான் செய்தாள். இப்போது வேண்டுமென்றே.

சக்கரம் ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டியது. முதல் வருஷம் பாத்ரூம் செருப்பைத் தேடி வீடு முழுக்க அலைந்தேன். "ஏங்க, உங்க செருப்பு தேர்ல போயிருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாடி வசந்தா, சாமி தேருக்குச் செருப்புலயா சக்கரம்?"

"சக்கரம் தரையிலதானக்கா போவுது? தரையில செருப்பு போவக்கூடாதா?"

அந்த அம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, கற்பூரம் ஏற்றக் கேட்டார். அட்டைத் தேர் ஆயிற்றே என்று நான் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

வெட்டத் தெரியாத, ஒட்டத் தெரியாத எனக்கு அந்த வீட்டில் கிடைத்த பதவிதான் கவர்னர். ஆபீஸில் என் கையெழுத்துக்காக எந்தக் கோப்பும் காத்திருந்ததில்லை. வீட்டில் ஒரு தேரே காத்திருந்தது. வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, துண்டைக் குறுக்கே மாட்டி, கயல் தைத்த ரெக்சின் தொப்பியை வைத்துக்கொண்டு படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் கவர்னர் மாளிகை. கூப்பிடும்முன் வரக்கூடாது. ஒருமுறை ஆர்வத்தில் எட்டிப் பார்த்துவிட்டேன். "சீக்கிரம் வந்தா அவரு கவர்னரே இல்ல. போங்க உள்ள" என்று வசந்தா விரட்டினாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நின்ற நேரங்களைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெளியே கடைசி நேரத்து அவசரம் நடந்துகொண்டிருக்கும். "பசைய எங்கடி வச்ச?" "நீதாம்மா மிதிச்சிட்ட." "அந்தப் பக்கம் சாயுது பாரு, முட்டு குடு." ஒரு சண்டை, உடனே ஒரு சிரிப்பு. எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் கேட்கும். பிறகு ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்புறம் வசந்தா சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி, வாயால் போலீஸ் பேண்டு வாசிக்க ஆரம்பிப்பாள். டட்டடாங், டட்டடாங். "முசியே கவர்னர் வராருங்கோ!" என்று பிரெஞ்சு மரியாதையோடு கூவுவாள். அப்போதுதான் நான் கதவைத் திறக்கலாம். நடந்து போய் வடத்தைத் தொட்டு இழுப்பேன். தேர் கிளம்பும். பேண்டு கடல்வரை நிற்காது.

போன ஆடியில் கயல் ஏழாம் வகுப்பு. தேர் வேலையைத் தொடங்கும்போதே சொல்லிவிட்டாள். "ம்மா, இதான் கடைசி. அடுத்த வருஷம்லாம் கிடையாது. ஃப்ரெண்ட்ஸ்லாம் கிண்டல் பண்றாங்க."

"சரிடி. கடைசின்னா பெருசா செஞ்சிடுவோம்" என்றாள் வசந்தா, வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே.

பெரியதாகத்தான் செய்தார்கள். தொம்பை முழுக்கச் சிவப்பு ரெக்சின். கூட்டம் போதவில்லை என்று கீழ்வீட்டு யாழினியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஒற்றை ஆளாக அவள் போட்ட சத்தத்துக்கு ஊரே திரண்டதுபோல இருந்தது.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். எல்லோருக்கும் வந்து, போயிற்று. வசந்தாவுக்கு வந்தது அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் நகக்கண்ணில் மஞ்சள் பசை ஒட்டியிருந்ததா, அல்லது நானாக அப்படி நினைத்துக்கொள்கிறேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று யாரோ ஹால் மூலையிலிருந்த தேரை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து மேலே போய்ப் பார்த்தபோது அட்டை கரைந்து, சிவப்பு ரெக்சின் ஈரத்தோடு சுருண்டு கிடந்தது. கெடாமல் இருந்தவை ரப்பர் சக்கரங்கள் மட்டும். அவற்றைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்தேன்.

அதற்குப் பிறகு கயல் கத்தரிக்கோலைத் தொடவில்லை. நான் தூண்டில் போடுகிறவனைப்போல மேஜைமேல் கலர் பேப்பர், பசை, வண்ணப் பென்சில் என்று வாங்கி வாங்கி வைத்தேன். மைதாப் பசைகூடக் கிண்டிப் பார்த்தேன். கட்டி தட்டிப்போனது. அவள் அதையெல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டுக் கணக்குப் போடுவாள். "ஏதாவது செய்யலாமா கண்ணு?" என்றால், "டைம் இல்லப்பா" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவ பெரிய பொண்ணாயிட்டா. இன்னும் அட்டைய வச்சிக்கினு உக்காந்திருப்பாளா?" என்றாள் என் அக்கா. இருக்கலாம். துக்கத்தால் நிறுத்தினாளா, வயதால் நிறுத்தினாளா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வசந்தாவைக் கேட்டால் தெரிந்திருக்கும். வீட்டுத் தரை இப்போது பளபளவென்று இருக்கிறது. வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள்.

இந்த நினைவெல்லாம் ஸ்டூல்மேல் நின்றபடியே வந்து போயிற்று. பையின் பக்கத்திலேயே அந்தச் சக்கரங்களும் இருந்தன. எடுத்தேன், மறுபடி வைத்துவிட்டேன். கீழே இறங்கி, என் காலில் கிடந்த செருப்பையே கழற்றி யாழினியிடம் கொடுத்தேன்.

"அங்கிள், இது புதுசு!"

"பரவால்லம்மா. எடுத்துக்க."

மத்தியானம் கயல் நான் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்துவிட்டாள்.

"செருப்பு எங்கப்பா?"

"தேர்ல போயிருக்கு." யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அவள் கையிலிருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். "நான்தான கடைசின்னு சொன்னேன்."

என்ன பைத்தியக்காரத்தனம் இது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். இத்தனை மாதம் ஒரு குழந்தை இதையா சுமந்துகொண்டிருந்தது? ஆனால், வசந்தா சமையற்கட்டுக்கு இழுத்துப்போய்ச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"சொல்லு" என்றேன்.

சொன்னாள். "சும்மாதாம்ப்பா சொன்னேன். வேணாம்னு சொன்னா அம்மா கெஞ்சும்னு பாத்தேன். அது சரின்னுடுச்சு. ஏன்ப்பா சரின்னுச்சு? நான் சொன்னதால எல்லாமே கடைசியாயிடுச்சு." இன்னும் நிறையச் சொன்னாள். நடுவில் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி சொன்னாள். நான் எதையும் திருத்தவில்லை.

அவள் ஓய்ந்த பிறகு பரணிலிருந்த பையை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். "தேர் முடிஞ்சதுக்கப்புறம் கொண்டாந்ததும்மா இது. மழ வர்ற வரைக்கும் தெனம் கொஞ்சம் கொண்டாந்து இதுல போட்டுக்கினு இருந்துச்சு அம்மா. அடுத்த வருஷம் செய்யப்போறதில்லன்னு நெனச்சிருந்தா கொண்டாந்திருக்குமா? நீ சும்மா சொன்னது அதுக்குத் தெரியும்."

கயல் பையைத் திறந்தாள். மேலாக இருந்த ஒரு நீலத் துண்டைத் தொட்டாள். பிறகு முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. கத்தரிக்கோல் எங்கே என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கமாட்டாளா என்று காத்திருந்தேன். முகத்தை எடுத்தவள் பையின் வாயைச் சுருக்கி, நாடாவைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"அடிக்கடி தெறக்காதப்பா. வாசன போயிடும்."

அவளே ஸ்டூல்மேல் ஏறிப் பையைப் பரணில் வைத்தாள்.

சாயங்காலம் யாழினி கீழேயிருந்து கூப்பிட்டாள். "அங்கிள்! தேர் ரெடி. கவர்னர் வாங்க!"

தொப்பி எங்கே என்று தேடவில்லை. லுங்கியும் பனியனுமாக, வெறுங்காலோடு இறங்கிப் போனேன். வாசலில் தெருப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். மிக்சிப் பெட்டியின் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதற்கு மேல் ஒரு தயிர் டப்பா. நல்ல சிறிய தேர். எந்த வாசலிலும் நுழையும். அதன் கீழே என் செருப்பு.

வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இழுங்க அங்கிள். எதுக்கு நிக்கறீங்க?"

"பேண்டு வரட்டும்."

"பேண்டெல்லாம் இல்ல அங்கிள்" என்றாள் யாழினி. "பேண்டு ஆன்ட்டிதான அடிப்பாங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கயல் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தட்டு இல்லை. நான் பார்த்ததும் தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

இழுத்தேன். தேர் கிளம்பி, சிமெண்டுத் தரையில் என் பின்னால் வந்தது. பிள்ளைகள்கூட ஏனோ கத்தவில்லை. ரப்பர் சக்கரத்துக்குச் சத்தமே கிடையாது. இத்தனை வருஷம் இழுத்தும், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.